கல்லூரி ஃபுட்பாலில் டிபி கோச் ஆவது எப்படி: ஒரு நாளும் ஆடாதவன் எழுதும் வழிகாட்டி

2023 பிப்ரவரியில் ஒரு சிறிய அமெரிக்கக் கல்லூரி அணியின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தற்காப்பு ஆட்டம் முழுவதற்கும் பொறுப்பான கோச், என்னை போனில் கூப்பிட்டு, "வேலை உனக்குத்தான், ஆகஸ்டில் வந்து சேர்" என்றார். ஆகஸ்டில் நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. நடுவில் என்ன நடந்தது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன். அந்தத் தவறை நீங்களும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் பொறியியல் படித்தவன். டெக்சஸுக்கு எம்.எஸ். படிக்க வந்தபோது ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்றுதான் எனக்கும் தெரியும். இங்கே சொல்வது பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். இப்போது ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலை) கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது முதுகலை படித்துக்கொண்டே உதவிக் கோச். சுருக்கமாக ஜிஏ. கார்னர்பேக்குகள் என் பொறுப்பு. அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களையும், அங்கேயே பிறந்து வளர்ந்து இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் நான்காம் படியைத் தாண்டிப் போகலாம்.

1. எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஃபென்சிவ் பேக், அதாவது டிபி, தற்காப்பு அணியின் கடைசி வரிசை. ஓரத்தில் நின்று, எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறிப்பவர் கார்னர்பேக். பின்னால் நின்று முழுக் களத்தையும் பார்ப்பவர் சேஃப்டி. எதிரணி மூன்றாவது ரிசீவரை இறக்கினால் உள்ளே வருபவர் நிக்கல். இவர்களுக்குப் பயிற்சி தருபவர்தான் டிபி கோச். பெரிய கல்லூரிகளில் கார்னர்களுக்கு ஒருவர், சேஃப்டிகளுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். சிறிய இடத்தில் ஒருவரே எல்லாம். போதாக்குறைக்கு, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பன்ட் அணியும் அவர் தலையில் விழும்.

ஏணி இப்படிப் போகும்: மாணவ உதவியாளர் அல்லது வீடியோ உதவியாளர், பிறகு ஜிஏ அல்லது குவாலிட்டி கண்ட்ரோல் (வீடியோ, தரவு அலசும் உதவியாளர்), பிறகு டிபி கோச், அதற்கு மேல் கோஆர்டினேட்டர். படிகள் எப்போதும் மேலேயே போகாது. இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் தலைமைக் கோச்சாக இருக்கும் கர்பி ஸ்மார்ட் 2000இல் சிறிய கல்லூரியான வால்டோஸ்டா ஸ்டேட்டில் டிபி கோச், 2001இல் அங்கேயே டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 2002இல் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு ஜிஏவாகப் போனார். பதவி என்று பார்த்தால் இறக்கம். ஆனால் அதற்கடுத்த வேலை பெரிய அணியான எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட்) டிபி கோச்.

"ஆடாதவனுக்கு இங்கே இடம் உண்டா?" உண்டு. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடும் சியாட்டில் சீஹாக்ஸின் தலைமைக் கோச் மைக் மெக்டொனால்ட் கல்லூரியில் ஆடியதே இல்லை. ஜார்ஜியாவில் படிக்கும்போதே பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயிற்சி கொடுத்தார். அப்புறம் பல்கலைக்கழக அணியில் ஜிஏ, பின்னர் இன்னொரு என்எஃப்எல் அணியான பால்டிமோர் ரேவன்ஸில் டிபி கோச். ஆடியவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வீடியோ அறை வழியாகத்தான் நுழைய வேண்டும்.

எந்தப் பிரிவு என்பதையும் இப்போதே யோசியுங்கள். டிவியில் வரும், உச்சப் பிரிவான எஃப்பிஎஸ் அணிகள் 130க்குச் சற்று மேல்தான். அதற்குக் கீழே எஃப்சிஎஸ், டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ, ஜூனியர் கல்லூரிகள் என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதிதாக வருபவர் பெரிய பெயருக்கு ஆசைப்பட வேண்டாம். பெரிய இடத்தில் இரண்டு வருடம் ப்ரிண்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டி வரலாம். சிறிய இடத்தில் இரண்டாம் வாரமே உங்கள் கையில் ஐந்து பையன்களைக் கொடுத்துவிடுவார்கள். 2024 கோடையிலிருந்து எஃப்பிஎஸ் அணிகளில், அலுவலகத்திலிருந்து ஆட்டத்தை அலசும் அனலிஸ்டுகளும் களத்தில் இறங்கிப் பயிற்சி தரலாம் என்று விதி மாறிவிட்டது. அதனால் அங்கே ஜிஏவின் முறை வருவதற்குள் வரிசை இன்னும் நீண்டுவிட்டது என்பது என் கணிப்பு.

2. என்எஃப்எல் பார்த்துக் கற்றதைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள்

நான் முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் பார்த்தே படித்தேன். முதல் மீட்டிங்கிலேயே சாயம் வெளுத்தது. டிபி வேலையைப் பொறுத்தவரை கல்லூரி ஆட்டம் வேறு ஆட்டம்.

முக்கியமாக ஹாஷ் கோடுகள், அதாவது ஒவ்வொரு முறையும் பந்தை வைக்கும் இடத்தின் இரு எல்லைகள். களத்தின் அகலம் 160 அடி. என்எஃப்எல்லில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே பதினெட்டரை அடிதான், ஆகவே பந்து எப்போதும் நடுவில் இருப்பது போலத்தான். கல்லூரியில் அந்த இடைவெளி 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்ட் என்பார்கள், குறுகியதை பவுண்டரி. உங்கள் நல்ல கார்னரை எந்தப் பக்கம் நிறுத்துவது, சேஃப்டி எந்தப் பக்கம் சாய்வது, எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மீட்டிங்கில் "லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர்" என்று பேசினால் புதியவன் என்று உடனே தெரிந்துவிடும். பல கல்லூரிகளில் "ஃபீல்ட் கார்னர், பவுண்டரி கார்னர்" என்பதுதான் பேச்சு.

அடுத்தது தொடுதல். என்எஃப்எல்லில் ஐந்து கெஜத்துக்கு மேல் ரிசீவரைத் தொட்டால் தவறு. கல்லூரியில் அந்த ஐந்து கெஜ விதி கிடையாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டு அது போகும் வரை, முன்னால் வரும் ரிசீவரைத் தடுத்துத் தள்ளலாம், பிடித்து இழுக்கத்தான் கூடாது. பந்தைப் பிடிக்க விடாமல் தடுக்கும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் தவறுக்கான தண்டனையும் கல்லூரியில் அதிகபட்சம் 15 கெஜம். என்எஃப்எல் போலத் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகாது. ஆகவே "ரிசீவர் உன்னைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்தால் பிடித்துவிடு, டச்டவுன் புள்ளிகளை விட 15 கெஜம் மலிவு" என்று சொல்லிக்கொடுக்கும் கோச்சுகள் இருக்கிறார்கள். பந்தைப் பிடிப்பவருக்கு ஒரு கால் உள்ளே இருந்தால் போதும் என்பதும் கார்னருக்குத் தலைவலி. தலையைக் குறிவைத்து மோதினால் டார்கெட்டிங், ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். தொலைவிலிருந்து ஓடிவந்து மோதும் சேஃப்டிகள்தான் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

3. அணியைத் தேடுமுன் பட்டத்தைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜிஏ என்பது வேலை மட்டுமல்ல, முதுகலை வகுப்பில் ஓர் இடமும்கூட. கோச் உங்களுக்குச் சம்மதம் சொல்லலாம். அட்மிஷன் கொடுப்பது அவர் அல்ல, கிராஜுவேட் ஸ்கூல். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. எனக்கு பிப்ரவரி மூன்றாம் வாரம் வேலை கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான விண்ணப்பக் கடைசி நாள் பிப்ரவரி முதல் தேதியே முடிந்திருந்தது. கோஆர்டினேட்டர் "நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசினார். ஒன்றும் ஆகவில்லை. "ஜனவரியில் சேர்ந்துகொள், இடத்தை வைத்திருக்கிறேன்" என்றார். நவம்பரில் தலைமைக் கோச்சை நீக்கினார்கள், கூடவே அவரும் போனார். புதிதாக வந்தவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

முந்தைய செப்டம்பரிலேயே எட்டு முதல் பத்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். ஃபுட்பால் அணியும், உங்களுக்கு ஒத்துவரும் முதுகலைப் படிப்பும் இரண்டும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கடைசி நாளையும், வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனித் தேதி உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை உறுதியாகும் வரை காத்திருக்காமல் நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 50 முதல் 75 டாலர் வரை ஆயிற்று. கோச்சிடம் பேசும்போது "எனக்கு ஏற்கெனவே அட்மிஷன் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

மதிப்பெண் சான்றிதழ்களை உறையிட்டு முத்திரை வைத்து வாங்குவதற்கு நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஏழு வாரம். அதை டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்துக்கு அனுப்பி மதிப்பீடு வாங்க இன்னும் சில வாரங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சில கல்லூரிகள் அதை முழு இளங்கலையாக ஏற்பதில்லை.

4. எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு

சட்ட ஆலோசனை தர நான் வக்கீல் இல்லை. உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம்தான் கடைசி வார்த்தை. ஆனால் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஜிஏ வேலையும் அதற்குள் அடக்கம். சீசனில் என் பக்கத்து இருக்கை அமெரிக்க ஜிஏ எழுபது மணி நேரத்துக்கும் மேல் அலுவலகத்தில் கிடக்கிறார். "சம்பளம் இல்லாமல் மீதி நேரம் இருக்கிறேனே" என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள். சம்பளம் வாங்கும் அதே வேலையை இலவசமாகத் தொடர்ந்தாலும் அது வேலைதான். நான் முதல் நாளே கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டேன். எந்தெந்த மணி நேரம் என் வேலை என்று எழுதி, மாணவர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். விசா போனால் அவர்களா வந்து வாங்கித் தரப்போகிறார்கள்?

அடுத்தது ஓபிடி. படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை பார்க்கும் அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். நான் 2023இல் 410 டாலர் கட்டினேன். 2024 ஏப்ரலில் இணையவழி விண்ணப்பத்துக்கு 470 ஆனது. கட்டும் நாளன்று குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பொறி எங்கே என்றால், ஓபிடி ஒவ்வொரு பட்ட நிலைக்கும் ஒரு முறைதான். முதல் எம்.எஸ். முடித்து நான் அதைச் செலவழித்துவிட்டேன். இப்போது ஜிஏவாக இரண்டாவது முதுகலை படிக்கிறேன். முடித்தால் எனக்குப் புதிய ஓபிடி கிடையாது. முதல் முதுகலையிலேயே ஜிஏவாக நுழைந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இந்தியாவிலிருந்து இனிமேல் வரப்போகிறவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாத நீட்டிப்பு உண்டு. பெரும்பாலான ஜிஏக்கள் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் படிப்பார்கள், எளிது என்று. அது பொதுவாக ஸ்டெம் அல்ல. படிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சிஐபி எண்ணை, அதாவது படிப்பின் வகைக்குறியைப் பாருங்கள். ஓபிடி காலத்தில் பார்க்கும் வேலை நீங்கள் படித்த படிப்போடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். என் முதல் முதுகலைப் பட்டம் டேட்டா அனலிடிக்ஸ். அதனால் எதிரணி ஆட்டத் தரவுகளை அலசும் வேலை என்று நியாயமாகவே காட்ட முடிந்தது. வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹெச்-1பி வேலை விசா பற்றிக் கேட்பீர்கள். பல்கலைக்கழகங்கள் குலுக்கலுக்கு வெளியே எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், அது நல்ல செய்தி. ஆனால் கோச் வேலைக்குக் குறிப்பிட்ட ஒரு துறைப் பட்டம் கட்டாயம் என்று நிரூபிப்பது லேசான காரியமில்லை. சிறிய கல்லூரிகள் அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் தயங்குகின்றன. அந்தக் கதவைத்தான் நானும் இப்போது தட்டிக்கொண்டிருக்கிறேன்.

5. வீடியோ அறைக் கதவைத் தட்டுங்கள்

நீங்கள் ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால், ஃபுட்பால் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். தலைமைக் கோச்சைக் கேட்காதீர்கள். வீடியோ பொறுப்பாளரைக் கேளுங்கள். கேமரா கோபுரத்தில் ஏறி நிற்க ஆள் கிடைக்காமல் அவர் எப்போதும் திண்டாடிக்கொண்டிருப்பார். டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இரண்டரை மணி நேரம். இந்த வேலைக்குப் போட்டி கிடையாது.

அங்கிருந்து ஆட்டத்தைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஹட்ல், கேட்டபுல்ட் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரிசை: எத்தனையாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எது), எத்தனை கெஜம் பாக்கி, எந்த ஹாஷ், எதிரணியின் ஆட்கள், அணிவகுப்பு, மோஷன் (பந்து கிளம்புமுன் ஆள் நகர்வது), ஆடிய நகர்வு என்ன. ஆட்களை இரண்டு இலக்கத்தில் எழுதுவார்கள். முதல் இலக்கம் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக், இரண்டாவது தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட். இவர்களும் ரிசீவர்களும் சேர்ந்து ஐந்து பேர். "11" என்றால் தலா ஒருவர், ஆகவே ரிசீவர்கள் மூன்று பேர். "12" என்றால் ரிசீவர்கள் இரண்டு. இதை வேகமாகவும் தப்பில்லாமலும் அடிக்கத் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை உங்களைத் தேடி ஆள் வரும்.

பிறகு ஸ்கவுட் கார்டு. வரப்போகும் எதிரணி ஒவ்வொரு பந்திலும் ஆடும் நகர்வுகளை அட்டையில் வரைந்து, பயிற்சியில் நம்ம மாற்று ஆட்டக்காரர்களிடம் தூக்கிக் காட்டுவது. களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். நான் முதலில் வரைந்த அட்டைகளில் ஒன்றில் பத்து வட்டங்கள்தான் இருந்தன. முன்வரிசையில் நிற்கும் ரைட் கார்ட் என்ற ஆட்டக்காரரைக் காணோம். பையன்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், ஒருவன் விரல் விட்டு எண்ணுகிறான். அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையிலும் பதினொன்றை எண்ணி, மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்த பிறகுதான் அடுத்ததை எடுப்பேன். மழை நாளுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் மை கரைந்து எல்லா நகர்வும் ஒரே நகர்வாகிவிடும்.

உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பிக்கலாமே என்றால், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருந்தால்தான் கோச்சாக முடியும். நான் இது தெரியாமல் மூன்று பள்ளி வாசலில் நின்றேன்.

6. எந்த மாதம் என்ன செய்வது

ஆட்கள் மாறும் காலம் நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. வழக்கமான சீசன் முடிந்த மறுநாளே நீக்கங்கள். டிசம்பரில் தலைமைக் கோச்சுகள், பிறகு கோஆர்டினேட்டர்கள், பிறகு டிபி கோச் போன்றவர்கள், எல்லாம் நிரம்பியபின் ஜனவரி, பிப்ரவரியில்தான் ஜிஏ இடங்கள். டிசம்பர் முதல் வாரமே விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். மே முதல் ஜூலை வரை இன்னொரு சுற்று உண்டு. யாராவது திடீரென்று வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அப்போது கையில் அட்மிஷன் இருப்பவருக்குத்தான் யோகம்.

ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கமான ஏஎஃப்சிஏவின் மாநாடு நடக்கும். 2024இல் நாஷ்வில், 2025இல் சார்லட். போகலாமா? ஒரு முறை போங்கள், ஆனால் முன்கூட்டியே பேசி வைத்த ஆறேழு பேரைப் பார்ப்பதற்காகப் போங்கள். ஹோட்டல் வராந்தாவில் நின்றுகொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் ரெஸ்யூம் நீட்டினால் ஒன்றும் நடக்காது. நானே சாட்சி. பஸ், நான்கு பேர் பகிர்ந்த அறை, சாப்பாடு, நுழைவு எல்லாம் சேர்த்து எனக்கு 640 டாலர் ஆயிற்று. உருப்படியான ஒரே பேச்சு காபி வரிசையில் நடந்தது.

வேலை அறிவிப்புகளுக்கு ஃபுட்பால்ஸ்கூப், என்சிஏஏ மார்க்கெட், ஹையர்எட்ஜாப்ஸ் தளங்களைத் தினமும் பாருங்கள். ரெஸ்யூம் ஒரே பக்கம். மேலே உங்கள் பட்டம் அல்ல, எந்த மென்பொருளில் என்ன செய்வீர்கள் என்பது. மூன்று கோச்சுகளின் பெயர், எண். அவர்களிடம் சொல்லாமல் போடாதீர்கள், கோச்சுகள் உண்மையிலேயே போன் செய்து கேட்பார்கள்.

7. இன்டர்வியூ: மார்க்கரைக் கையில் கொடுப்பார்கள்

பெரும்பாலும் ஜூமில் ஒரு சுற்று, நேரில் ஒரு சுற்று. நேரில் போனால் "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஐந்து நிமிடம், பிறகு மார்க்கரை நீட்டி "கவர் 3 வரை" என்பார்கள்.

கவர் 3 என்றால் ஆழத்தை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வது: இரண்டு கார்னர்கள் இரு ஓரம், ஒரு சேஃப்டி நடு. இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த கேள்விதான் சோதனை: "நான்கு ரிசீவர்கள் நேராக மேலே, அதாவது நம் ஆழத்தை நோக்கி ஓடினால்?" மூன்று பேர், நான்கு ஓட்டம். நடு சேஃப்டி உள்ளே ஓடும் இருவருக்கும் நடுவில் நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படிக்க வேண்டும். கீழே, அதாவது பந்துக்கு அருகில் நிற்கும் தற்காப்பு ஆட்கள் அந்த இருவரையும் சும்மா விடாமல் மோதித் தள்ளி, கூடவே கொஞ்ச தூரம் ஓட வேண்டும். பந்து காற்றில் கூடுதலாக ஒரு நொடி இருந்தால் சேஃப்டி போய்ச் சேர்ந்துவிடுவார். இதை நான் சொன்னேன். "சரி, கார்னர் என்ன செய்கிறான்?" என்றார் இன்டர்வியூ எடுத்த கோச். தன் ரிசீவரோடு ஓடுகிறான் என்றேன். "எந்தத் தோளில்?" மாட்டிக்கொண்டேன். வெளியே பக்கக்கோடு இருக்கிறதே, அதுவும் ஒரு டிஃபென்டர் மாதிரிதான், ஆகவே உள்தோளில் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆழத்தை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் கவர் 4 கேட்டால் அதையும் படிப்படியாகச் சொல்லத் தயாராக இருங்கள். சேஃப்டி உள்ளே நிற்கும் இரண்டாம் ரிசீவரைப் படிக்கிறார். அவன் நேராக மேலே வந்தால் அவனை எடுக்கிறார். அவன் வெளிப்பக்கம் குறுக்கே ஓடிவிட்டால் முதல் ரிசீவருக்கு உள்ளிருந்து துணை போகிறார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள். "உங்கள் அணியில் இதை எப்படிச் சொல்லித்தருவீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். கோச்சுகளுக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும்.

இன்னொன்று: எழுந்து நின்று செய்துகாட்டச் சொல்வார்கள். பேக்பெடல், அதாவது பின்னோக்கி ஓட்டம். மார்பு கால்விரல்களுக்கு நேர் மேலே, பாதம் தரையை ஒட்டி, நிமிரக்கூடாது. வேகம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சரியான வடிவம் உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வீட்டு வாசலில் மூன்று மாதம் பழகினேன். பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்.

8. பணம்

தொலைக்காட்சியில் அடிபடும் எண்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரிய கல்லூரிகளின் கோஆர்டினேட்டர்களில் சிலர் ஆண்டுக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் வாங்குவது உண்மைதான். என் கணக்கு வேறு: மாதம் 1,000 டாலர், பத்து மாதம். கல்விக் கட்டணம் தள்ளுபடி. ஆனால் "கட்டணம் தள்ளுபடி" என்றால் எல்லாம் தள்ளுபடி அல்ல. மாணவர் கட்டணம் என்று பருவத்துக்கு 900 டாலர், கட்டாய மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 2,600 டாலர் என் கையிலிருந்து போயிற்று. கோடை இரண்டு மாதம் சம்பளமே இல்லை. வேலைக் கடிதம் வந்ததும் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐ-20க்கு வங்கி இருப்பு காட்டும்போது, உதவித்தொகை போக மீதித் தொகையை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கார் இல்லாமல் முடியாது. ஓட்டுநர் உரிமம் அதைவிட முக்கியம். விமான நிலையத்திலிருந்து ஆட்களை அழைத்துவர முதலில் கூப்பிடுவது ஜிஏவைத்தான். கல்லூரி வண்டியை ஓட்ட உங்கள் ஓட்டுநர் பதிவைச் சரிபார்ப்பார்கள்.

வரி: எஃப்-1இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. சம்பளப் பிரிவு தெரியாமல் பிடித்துவிடும், முதல் சம்பளச் சீட்டையே பாருங்கள். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுக்கும் சலுகையும் உண்டு. மற்ற நாட்டு நண்பர்களைப் பார்த்துப் படிவம் நிரப்பினால் இதைத் தவறவிடுவீர்கள்.

9. சேர்ந்த முதல் மாதம்

பாஸ்போர்ட், விசா, ஐ-20, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேலைக் கடிதம், வேலை தொடங்கி மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டிய ஐ-9 (வேலைத் தகுதிப் படிவம்), பின்னணிச் சோதனைச் சம்மதக் கடிதம். பல கல்லூரிகள் சிபிஆர், முதலுதவிச் சான்றிதழும் கேட்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் வையுங்கள்.

அப்புறம் கம்ப்ளையன்ஸ் அலுவலகம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிகளைக் கவனிப்பவர்கள். அவர்களோடு பழகி வையுங்கள். நமக்கு இயல்பாக வருவது பலவும் இங்கே விதிமீறலாகலாம். பசியோடு நிற்கும் பையனைப் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்டு எதையாவது வாங்கிக் கொடுக்கத்தானே தோன்றும்? வாங்குமுன் கம்ப்ளையன்ஸுக்கு ஒரு வரி அனுப்பிக் கேளுங்கள். வீட்டில் இறக்கிவிடுவதும் அப்படித்தான். நீங்கள் இந்திய முதுகலை மாணவர் என்று தெரிந்ததும் யாராவது ஒருவன் கணக்குப் பாடத்தோடு வருவான். "கோச், இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன்." சொல்லாதீர்கள். கல்லூரியின் படிப்பு உதவி மையத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் அவன் ஆடும் தகுதியும் போகலாம், உங்கள் வேலையும் போகலாம். பந்தயம் கட்டுவது, காசு போட்டு விளையாடும் ஃபேன்டசி லீக் எல்லாவற்றையும் போனிலிருந்தே அழித்துவிடுங்கள்.

10. கிளம்பும்போது

எதிர்பாராத நாளில் கிளம்ப வேண்டி வரும். தலைமைக் கோச்சை நீக்கிய அன்று மாலையே வீடியோ கணக்கின் கடவுச்சொல் வேலை செய்யாது. அந்த வீடியோக்கள் கல்லூரியின் சொத்து, எடுத்துப் போகவும் கூடாது. ஆனால் உங்கள் தலையில் இருப்பதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு கோடு போடாத நோட்டில், என் கார்னர்களுக்கு நானே உருவாக்கிய பயிற்சிகளை மட்டும் வரைந்து வருகிறேன்: எத்தனை கெஜ இடைவெளி, எத்தனை முறை, எந்த வாரம் எவனுக்கு எது பலித்தது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்து அறையில் ஆட்கள் கலைந்தபின் இருபது நிமிடம் ஆகும். மூன்றாவது நோட்டு இப்போது பாதியில் இருக்கிறது.